சாமைத் தீர்மானம்

...எல்லாரும் கை தட்டுகிறார்களே என்று நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன், தட்டிய பிறகுதான் எரிச்சல் வந்தது, அப்படி என்ன சொல்லிவிட்டார் கூட்டத்துக்கு வந்த இந்த ஆலோசகர், வெளியிலிருந்து வாங்குவதைத் தானே செய்துகொள்கிற தேசம்தான் முன்னேறுமாம், மலைக்கும் அதுதான் கணக்காம், கீழே சேந்தமங்கலத்திலிருந்து அரிசி லாரி மலை ஏறுகிறது, உங்கள் பணம் இறங்குகிறது, இனி அரிசிக்குப் பதில் உங்கள் சாமையையே சாப்பிடுங்கள்... தப்பென்று சொல்ல முடியவில்லை, அதுதான் கூடுதல் ஆத்திரம். ரேஷன் அரிசி பாதி மாதத்தில் தீர்ந்துவிடும், மீதிக்கு மிளகு விற்ற காசு அரிசி மூட்டையாகத் திரும்புவதை நான்தானே தலையில் சுமக்கிறேன், எனக்கா தெரியாது? வீட்டில் நாலு மூட்டை சாமை கிடக்கிறது. உமியோடு கிடக்கிறது. அதைச் சோறாக்குவது யார்?

முன்வரிசையில் என் வீட்டுக்காரர் மாணிக்கத்துக்கு உட்காரவே முடியவில்லை. "நம்ம மண்ணுல வெளையறத நாம திங்கலீன்னா வேற யாருங்க திம்பாங்க!" என்று எழுந்து நின்று முழங்குகிறார், உலக்கையை ஒருநாள் தொட்டிருப்பாரா, ஆறு பேருக்கு விடியுமுன் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து... வீட்டுக்குக் கடையரிசி வந்த வருஷம்தான் நான் தோள்பட்டைக்குத் தைலம் தேய்ப்பதை விட்டேன், அது அவருக்குத் தெரியுமா, தைலம் யார் வாங்கினார்கள் என்றாவது தெரியுமா? இதே மலையில் ஆலத்தூர் நாட்டு ஊர் ஒன்றில் உமி நீக்கும் மெஷின் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எட்டு மாதமாகத் துருப்பிடித்துக்கொண்டு இருக்கிறது, அதன் உருளை வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம்! இதற்கு இங்கே ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, மலைக்கு இளைத்தவள் நான். தேசம் முன்னேற என் தோள்பட்டைதான் கிடைத்ததா?

தீர்மானத் தாள் வரிசையில் வருகிறது, எங்கள் மகளிர் குழு நடத்தும் கடையில் அடுத்த மாதம் முதல் அரிசி இறக்க மாட்டோம், கீழே குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் கையெழுத்து, ஒன்று குறைந்தாலும் செல்லாதாம், கடைசி ஆள் நான், இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது... கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க சார், அத்தனை சாமையையும் யாருங்க குத்துறது?"

அவர் தன் பேச்சுத் தாளைப் புரட்டினார், அதில் இல்லை போலிருக்கிறது. "அது உங்க வீட்டு விஷயம்மா" என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு. "அதெல்லாம் அவ குத்திருவாளுங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக, அதுவும் பெருமையாக!

தாள் என் மடிக்கு வந்துவிட்டது. முதல் கையெழுத்து பொன்னம்மாள் அக்காவுடையது, போன வாரம் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் என்னைக் கூப்பிட்ட அதே அக்கா, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை, பதினொரு தலையும் குனிந்திருக்கிறது... இந்தக் கேள்வி எனக்கு மட்டும்தான் தோன்றியதா, இல்லை, பதினொரு பேரும் இதையே நினைத்துக்கொண்டுதான் போட்டார்களா? போட மாட்டேன், தாளை அந்த ஆளிடமே நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்... பன்னிரண்டாவது வரியில் கலைச்செல்வி என்ற என் பெயரின் 'க' எப்போது விழுந்தது?