ரயிலில் சிரித்தவள்

படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவள் தன் மனைவிதான் என்பதைப் பல்லைப் பார்த்துத்தான் அவன் உறுதிப்படுத்திக்கொண்டான்.

பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப்பல் செய்து கொடுப்பது அவன் தொழில். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். மனைவிக்கு மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நிற்கும். கல்யாணமான புதிதிலேயே, வைத்தியரிடம் சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள். அதன்பிறகு, சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

நூலக வராந்தாவில் மாட்டியிருந்த அந்தப் படத்திலோ, அவள் ரயிலின் ஜன்னலோர இருக்கையில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மடியிலிருந்த பையின்மேல் கிடந்தன. எதிர் இருக்கையிலிருந்து ஓர் ஆணின் கை மட்டும் படத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. பயணிகளுக்குத் தெரியாமல் எடுத்த படங்கள் என்று சுவரில் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கை அவன் மண்டையைக் குடைந்தது. அன்று வேலையில் ஒரு பல்செட்டை இரண்டு முறை கெடுத்தான்.

சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பியதும், ரயிலில் கூட்டமா என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டான். எப்பவும்போலத்தான் என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த ஒற்றை வரி அவனுக்கு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

மறுநாள் காலை விடுப்பு சொல்லிவிட்டு, அவள் ஏறிய பெட்டியிலேயே கடைசிக் கதவு வழியாக ஏறினான். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். அவளுக்கு எதிரே ஒல்லியான ஒரு தபால்காரர். நிலைய அறிவிப்புக் குரலை அப்படியே பாவனை செய்து, தாமதமாக வரும் தன் மேலதிகாரி எந்த நடைமேடைக்கு வருவார் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம்.

"போதும்ண்ணே, வயிறு வலிக்குது," என்றாள்.

அண்ணே என்று காதில் விழுந்ததும் அவன் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவர் அண்ணனாகவே இருக்கட்டும். அந்தச் சிரிப்பு அவருக்கு ஏன் கிடைக்கிறது?

அடுத்த நிலையத்தில் கூட்டம் மளமளவென்று இறங்கியது. மறைவதற்கு ஆள் இல்லை. அவள் திரும்பினாள், பார்த்தாள். சிரிப்பு பாதியில் நிற்க, கை தானாக வாய்க்குப் போனது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், வேவு பார்க்க வந்தீர்களா என்று கேட்டாள். படத்தைப் பற்றி அவன் சொன்னான். அப்படி ஒரு படம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"வீட்ல ஒருநாளாவது அப்படிச் சிரிச்சிருக்கியா நீ?" என்றான்.

"வீட்ல நீங்க என் பல்லைத்தானே பாக்குறீங்க."

அவன் சட்டென்று பார்வையைத் தாழ்த்தினான்.

அடுத்த விடுமுறையில் இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். அவள் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். படம் எடுத்தவர், தாடி வைத்த இளைஞர், அங்கேதான் இருந்தார். கேட்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று அவள் கேட்டதும் தடுமாறிப்போனார். கேட்டிருந்தால் அந்தச் சிரிப்பு போயிருக்கும் என்றார்.

"போனா போகட்டும். என் சிரிப்புதானே?"

அவர் மன்னிப்புக் கேட்டுப் படத்தைக் கழற்றினார். அதே ரயிலில் பல மாதமாக வருகிறேன், இவ்வளவு நன்றாகச் சிரிக்கிற முகத்தைப் பார்த்ததில்லை என்றும் மெல்லச் சொன்னார். தபால்காரர்மேல் அவனுக்கு இருந்த எரிச்சல் முழுவதும் அந்த நொடியில் இந்தத் தாடிக்காரர்மேல் பாய்ந்தது. இந்த ஆள் பல மாதம் பார்த்திருக்கிறான், பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தை வாங்க அவன் கை நீட்டினான். அவள் முந்திக்கொண்டு வாங்கி, தாளில் சுற்றி, வீட்டில் தன் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். மாட்டலாமே என்றதற்கு, யாரும் பார்க்க வேண்டாம் என்றாள்.

ஒரு வாரம் அவனும் அவளோடு ரயிலில் போய்ப் பார்த்தான். தபால்காரர் எழுந்து இடம் கொடுத்து, "உக்காருங்க சார்," என்றார். அதோடு சரி, எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவன் மறுபடி தன் வழக்கமான பேருந்துக்கே மாறிக்கொண்டான்.

இப்போது சாப்பிடும்போது, இன்றைக்கு என்ன கூத்து என்று கேட்கிறான். அவளும் சொல்கிறாள். சில நாள் அவனுக்கும் சிரிப்பு வருகிறது. சில நாள், நல்லதாக ஒன்றைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டாளோ என்று உள்ளே புகையும். அதை மட்டும் அவன் கேட்பதில்லை.