கருகாத பருத்தி

அருப்புக்கோட்டையில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமி, டப்பாவை ஒரு பார்வை பார்த்தே அது ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் குடலில் ஒரு கட்டி வந்து உட்கார்ந்தது. கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆப்பரேஷன் செய்யலாம் என்றார் மதுரை டாக்டர். கீமோவைப் பற்றிப் பொன்னுச்சாமிக்குத் தெரிந்ததெல்லாம் முடி கொட்டும் என்பதுதான். மருந்துக்குக் கொடுப்பதை அம்மனுக்கே கொடுப்போமே என்று, முந்திக்கொண்டு இருக்கன்குடிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார்.

வில்லங்கம் அங்கேதான் முளைத்தது. இரண்டு முறை மருந்து ஏறிய பிறகும், மழை கண்ட அருகம்புல் மாதிரி தலை முழுக்க முடி. மீசைகூட அசையவில்லை. மனைவி கோகிலாம்பாளைக் கூப்பிட்டார்.

"கோகிலா, நமக்கு ஏத்துனது டூப்ளிகேட்டு. இனிமே நான் வரல."

"எல்லா மருந்துக்கும் முடி கொட்டாதுன்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாகல்ல?"

"வாங்குறவன் வாயை அடைக்கச் சொல்றது அது. நானும் யாவாரிதான்."

போதாக்குறைக்கு வீட்டு ஃபிரிட்ஜிலும் சந்தேகம். உள்ளிருந்து பாட்டிலை எடுத்தால் விரலில் கருவேலமுள் குத்தியதுபோல் சுருக்கென்றது. கரண்டு லீக் என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். ஒரு குறையும் இல்லை என்று அவன் சொன்னதும், அவனையும் டூப்ளிகேட் கணக்கில் சேர்த்துவிட்டார்.

மதுரைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. பொன்னுச்சாமி கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். கோகிலாம்பாள் பையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஸ்கேன் பார்க்கும் நாளும் அதுதான். அவள் கெஞ்சவில்லை, கண்தான் கலங்கியிருந்தது.

அந்நேரம் பரளச்சி விவசாயி வெள்ளத்துரை களைக்கொல்லி டப்பாவோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி மருந்து இது? போன வருசம் வேற கடையில வாங்கி அடிச்சேன், பருத்தியே கருகிப்போச்சு. இதுல ஒரு இலைகூட வாடல. வீரியமே இல்லையே!"

பொன்னுச்சாமிக்குக் கோபம் தலைக்கேறியது. "யோவ், பயிரு கருகுனாத்தான் மருந்தா? மருந்து களைக்குத்தான்யா. களை என்னாச்சு?"

"களையா? அத எங்க பாத்தேன், பருத்தியத்தான பாத்தேன்."

"கருகாத பருத்தியப் பாத்துட்டு மருந்தக் குத்தம் சொல்ல வந்துட்டீரு! போய்க் களையப் பாரும்!"

கோகிலாம்பாள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"வாங்க. நாமளும் போய்க் களையப் பாத்துட்டு வருவோம்."

பொன்னுச்சாமி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஷட்டரை இழுத்துவிட்டார்.

ஸ்கேனில் கட்டி நன்றாகவே சுருங்கியிருந்தது.

"வேகமாப் பெருகுற செல்லைத்தான் இந்த மருந்துகள் அடிக்கும்," என்றார் டாக்டர். "முடி வேர், வாய், ரத்தம் எல்லாத்துலயும் வேகமாப் பெருகுற நல்ல செல் இருக்கு. மருந்துக்கு மருந்து அதுகளுக்கு விழுற அடி மாறும். நல்ல செல் தேறி வரத்தான் இடையில நாள் விடுறோம். உங்க மருந்துக்கு முடி அவ்வளவாக் கொட்டாது. ஆனா, குளிர்ச்சியானதத் தொட்டா விரல்ல முள்ளுக் குத்துற மாதிரி இருக்குமே?"

"குத்துதே!"

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எலக்ட்ரீஷியன்கிட்டச் சொன்னேன்."

கோகிலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மருந்து ஏறத் தொடங்கியதும், முடிந்த மட்டும் எக்கி, பாட்டிலில் இருந்த காலாவதித் தேதியைப் படித்துத் திருப்திப்பட்டார் பொன்னுச்சாமி. தொழில் விடுமா? அப்புறம் வெள்ளத்துரைக்குப் போன் போட்டார்.

"களையப் பாத்தீரா?"

"மஞ்சளாத் திரும்பிருச்சு அண்ணாச்சி!"

"இங்கயும்தான்யா," என்றார், முடி முளைத்த தலையைச் சுகமாகத் தடவிக்கொண்டே.