ஜாக்கி எண்ணெய்

என் மகள் அந்தக் குட்டிக் காரை வாங்கப் போன அன்று, நான் சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போனேன். கைக்குட்டையில் சுற்றிய காந்தம். நல்ல தகரத்தில் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் வழுக்கி விழும். நாற்பது வருடம் லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டியவன் நான். படிப்பு மூன்றாவதோடு சரி. விற்கிறவன் சிரித்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த மூன்றாவது போதும்.

அவன் நிறையவே சிரித்தான். "கப்பல்ல வந்த வண்டிங்க. அறுபது வருஷம் ஆச்சு. அங்க ஒரே ஒரு வீட்டம்மா கையில இருந்தது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பாங்களாம்."

"மத்த ஆறு நாளும் எங்க நின்னுது? மழையிலயா?" என்றேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. இடது கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டாமல் என் கையோடு வந்தது. மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"அப்பா, கார் பாக்க வந்திருக்கோம். மாப்பிள்ளை பாக்க இல்லை."

"மாப்பிள்ளையா இருந்தா வாயைத் திறந்து பல்லையே எண்ணியிருப்பேன்."

என்ன சொல்லியும் அவள் வாங்கினாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. எலும்பு வரைக்கும் பார்க்கிறவள், இந்த வண்டியின் தோலைப் பார்த்து மயங்கிவிட்டாள். என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். வெண்ணெய் நிறம். உருண்டையான இரண்டு விளக்குகள், எதையோ பார்த்து மிரண்ட பிள்ளை மாதிரி. வெளிநாட்டு வண்டி என்பதால் ஸ்டியரிங் நம் வண்டிகளுக்கு எதிர்ப் பக்கம். நான் ஏறினால் நம் ஊரில் ஓட்டுகிறவன் உட்காரும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், ஆனால் எனக்கு முன்னால் ஒரு மண்ணும் இருக்காது. எதிரே லாரி வந்தால் என் கால் தானாகத் தரையை மிதிக்கும். மிதித்து மிதித்து அந்த இடத்தில் மட்டும் விரிப்பு தேய்ந்துவிட்டது.

வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக்கைப் பிடித்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பான். அதனால் எல்லாருக்கும் அவன் கண்ணாடி. கதவடியில் இருந்த பட்டியைச் சுரண்டி எடுத்துத் தகரம் வைத்துப் பற்றவைத்தான். பிரேக்கில் இருந்த ரப்பர்களை எல்லாம் மாற்றினான். எல்லாம் வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்தவை. அவன் வேலை செய்யும்போது நான் முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். பழைய சாமானை எல்லாம் என் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கொடுத்தான். கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வேலை முடிந்த அன்று பானெட்டைத் திறந்து, உள்ளே ஒரு மூலையில் இருந்த சின்னக் கிண்ணத்தைக் காட்டினான்.

"ஐயா, இதுதான் பிரேக் ஆயில். இதுல நீங்க எதையும் ஊத்தாதீங்க. குறைஞ்சா என்னைக் கூப்பிடுங்க. இப்ப வர்ற வண்டி மாதிரி இல்ல இது. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்தான். போச்சுன்னா நாலும் சேந்து போகும்."

நான் தலையை ஆட்டினேன். ஒரு கரண்டி எண்ணெய் ஊற்ற இவனைக் கூப்பிட வேண்டுமாம். பிழைக்கத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் பார்த்தேன். கிண்ணத்தில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. என் கொட்டகையில் ஜாக்கி எண்ணெய் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். தொழிலை விட்டாலும் அதை விடவில்லை. பாரம் ஏற்றிய லாரியை அந்த எண்ணெய்தான் தூக்கும். நாற்பது வருடத்தில் ஒரு நாள் என்னைக் கைவிட்டதில்லை. அது தூக்கிய லாரியின் கீழே படுத்தே வேலை செய்திருக்கிறேன். லாரியைத் தூக்குகிற எண்ணெய், இந்தத் தீப்பெட்டியை நிறுத்தாதா? ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்கு ஒரு நாள் வரும்படி போச்சு என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

ஒரு வாரத்தில் மகள் சொன்னாள், "பிரேக்குல இருந்து காலை எடுத்தாலும் லேசா பிடிச்ச மாதிரியே இருக்குப்பா."

"புது ரப்பர். பழகணும்" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் திறந்து பார்த்தேன். கிண்ணத்து மூடியைத் திரும்பப் போட்டால் உட்காரவில்லை. அதன் அடியில் இருந்த ரப்பர் வளையம் தண்ணீரில் ஊறிய பயறு மாதிரி பருத்திருந்தது. கண்ணாடி மட்டமான சரக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று பட்டது. பிளேடால் வளையத்தின் ஓரத்தைச் சுற்றிலும் சீவி எடுத்து மூடியைத் திருகி இறுக்கினேன். அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் ஜாக்கி எண்ணெயும் ஊற்றினேன்.

மறுநாள் காலை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், இந்த மாதிரிப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் கூடுகிறார்கள் என்று கிளம்பினாள். மலையில் ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் போக வேண்டும்.

"மேல போய்ட்டுக் கூப்பிடறேன். நடுவுல நீ கூப்பிட்டா எடுக்க மாட்டேன்."

ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அவள் போய்க் கால் மணி நேரம் இருக்கும். கண்ணாடி தன் பிக்கப்பில் வந்தான். பளபளவென்று தேய்த்த சக்கர மூடி ஒன்று கையில்.

"போய்ட்டாங்களா? இதைப் போட்டுக்கிட்டுப் போனா நல்லா இருந்திருக்கும்." கொட்டகைக்குள் வந்து மூடியை மேசைமேல் வைத்தான். வைத்த கை அங்கேயே நின்றது. நேற்று நான் சீவிய ரப்பர்த் துண்டுகள் அங்கே சுருண்டு கிடந்தன. ஒன்றை எடுத்து நசுக்கினான். பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தான்.

"ஐயா, இது எந்த ரப்பர்?"

"கிண்ணத்து மூடியில இருந்தது. பெருசா இருந்துது, சீவினேன்."

"வேற எண்ணெய் பட்டாதான் இப்படி ஊதும். அதுல ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஒண்ணும் ஊத்தலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது. அவன் அதை அப்படியே நம்பினான். அதுதான் எனக்கு வந்த வினை. வேறு எவனாவது இருந்தால் அலமாரியைத் திறந்து டப்பாவைப் பார்த்திருப்பான். இவன் என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப ரப்பரே சரியில்ல. நான் வரவழைச்சது" என்றான். பார்சல் அனுப்பியவனுக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. திரும்பச் செய்தான். பிறகு யாரையோ கூப்பிட்டு, அந்தப் பார்சல் ரப்பர் வேறு யாருக்காவது ஊதியதா என்று கேட்டான். அவர்கள் இல்லை என்றது எனக்கே கேட்டது. "மூடியிலேயே இப்படின்னா உள்ள இருக்கறதும் ஊதியிருக்கும் ஐயா. ஏறும்போது சூடாகும். இறங்கும்போது…" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது நழுவிக் கீழே விழுந்தது. "நான் தங்கச்சியைக் கொன்னுட்டேனா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

அலமாரிக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தேன்.

"ஜாக்கி எண்ணெய். ரெண்டு தடவை ஊத்தினேன்."

அவன் டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். கீழே தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வண்டில ஏறுங்க" என்றான்.

அதற்குள் பத்து நிமிடம் போயிருந்தது.

மலை ஏறும்போது அவன் ஓட்டினான், நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற குரலே திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்துத் தடுப்புக் கம்பியைப் பார்த்தேன். ஒரு இடத்தில் கம்பி உடைந்து வெளியே வளைந்திருந்தது. அதைக் கை நீட்டிக் காட்டினேன்.

"அது பழசு. துருப்பிடிச்சிருக்கு பாருங்க" என்றான் கண்ணாடி.

துரு என்றால் நான் கண்டுபிடிப்பேன் என்று பெயர். அன்றைக்குக் கண்ணே தெரியவில்லை.

உச்சியில் ஒரு டீக்கடை. அங்கே கார் இல்லை. கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"வெண்ணெய் கலர்ல சின்ன வண்டிதானே? இங்கதான் நின்னுது. சக்கரத்துல புகை. தள்ளினாக்கூட நகரலை. அந்தப் பொண்ணு பாவம், போன் பண்ணிப் பாத்தா, இங்க டவர் கிடைக்காது, தலையில கை வச்சு உக்காந்துட்டா."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "இப்ப எங்க?"

"ஒரு லாரிக்காரர் அடியில படுத்து எதையோ தளர்த்திவிட்டார். எண்ணெய் கொஞ்சம் பீச்சிச்சு, சக்கரம் சுத்திச்சு. மகராசன், கும்பிட்டு அனுப்பினா. அஞ்சு நிமிஷம் இருக்கும், இறங்கிப் போனா."

கண்ணாடி அதற்குள் பிக்கப்பைக் கிளப்பிவிட்டான். வண்டியே நகர மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று அவளைக் காப்பாற்றியிருக்கிறது. நல்ல மனசுக்காரன் ஒருவன் அதை அவிழ்த்துவிட்டான். அவள் போய் ஐந்து நிமிடம். நான் பொய்யில் தின்றது பத்து நிமிடம். மூன்றாவது படித்தவனுக்கும் அந்தக் கணக்கு வரும்.

இறக்கம் தொடங்கியது. என் கால் தரையை மிதித்தது. முதல் வளைவு, ஒன்றுமில்லை. இரண்டாவதில் சாலையில் கறுப்பாக டயர் தேய்ந்த கோடு. அது வளைந்து வளைந்து போயிற்று. மூன்றாவது வளைவில், சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் அந்தக் குட்டிக் கார் மூக்கு வரைக்கும் புதைந்து நின்றது. பின்சக்கரம் ஒன்று காற்றில். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை.

நான் இறங்கியது எப்படி என்று தெரியாது. மணலில் விழுந்து எழுந்தேன்.

"இங்க இருக்கேன்ப்பா."

எதிர்ப்புறக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து ரத்தம். இடது மணிக்கட்டை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். கிட்டே போனேன். தொடப் பயமாக இருந்தது.

"பெடல் அப்படியே கீழ போய்டுச்சுப்பா. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கியரைக் குறைச்சேன். அதுக்கும் நிக்கலை. மணலைப் பாத்தேன், விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க போட்ட ரப்பரா?"

அவன் காரின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரப்பர் இல்ல. நான்தான்" என்றேன். "கிண்ணத்துல ஜாக்கி எண்ணெய் ஊத்தினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கேட்ட உடனே சொல்லிட்டாரும்மா" என்றான் கண்ணாடி. "உடனே ஓடி வந்தோம்."

அந்த மனுஷன் சொன்ன ஒரு சொல்லைக்கூட நான் நம்பியதில்லை. அவன் எனக்காகப் பொய் சொல்கிறான். இவன் என்ன எதிர்பார்க்கிறான் என்றுதான் முதலில் ஓடியது என் புத்தி. அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகள் நம்பிவிட்டாள். அப்படியே விட்டிருக்கலாம்.

"இல்லம்மா. கேட்டப்ப இல்லைன்னேன். பத்து நிமிஷம் கழிச்சுதான் சொன்னேன்."

"ஏன்?"

"பயம்."

"எதுக்குப் பயம்?"

"நீ திட்டுவேன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு இன்னும் கிழிந்தது. ரத்தத்தைத் துடைக்கப் போனவள் துடைக்காமல் அழத் தொடங்கினாள். நான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அன்று காந்தத்தைச் சுற்றிய அதே கைக்குட்டை. அவள் வாங்கவில்லை. கண்ணாடி தன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தான், அதை வாங்கிக்கொண்டாள்.

"கை வீங்குது. எக்ஸ்ரே எடுக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அண்ணே, நான் முன்னால உக்காந்துக்கறேன். மெதுவா ஓட்டுங்க."

என்னை ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. நான் பின்தட்டில் ஏறிக் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுகிறவன் அறையின் பின்பக்கக் கண்ணாடி வழியாக அவள் பின்னந்தலை தெரிந்தது. பிக்கப் இறக்கத்தில் நகர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகத் தகரத்தை மிதித்தது. சத்தம் கேட்டு ஒரு தரம் அவள் தலையைத் திருப்பப் போனாள். திருப்பவில்லை.

நான் மிதிப்பதை நிறுத்தப் பார்த்தேன். கால் கேட்கவில்லை.