பதினேழாவது குழி

குழிவெட்டியைப் புல்லில் ஊன்றி, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து ஒரு திருகு திருகிய பிறகுதான் தப்பான இடத்தில் நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது. உறைத்தது என்று சொல்வது பொய். திருகுவதற்கு முன்பே தெரியும்.

கோல்ஃப் மைதானத்தில் எனக்கு இதுதான் வேலை. ஆட்டக்காரர்கள் பந்தை உருட்டி விழவைக்கிற அந்தக் குழியைத் தினமும் காலையில் வேறு இடத்தில் வெட்டுவது. ஒரே இடத்தில் விட்டால் சுற்றியிருக்கிற புல் மிதிபட்டே செத்துப்போகும். அதனால் பழைய குழியிலிருந்து வெள்ளை டப்பாவை உருவி, புது இடத்தில் வெட்டி, அங்கே புல்லோடு வருகிற மண் உருளையை அலுங்காமல் குலுங்காமல் பழைய குழியில் இறக்கி, மட்டம் பார்த்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பதினெட்டுக் குழி, பதினோரு வருடம். யாராவது என்னிடம் என்ன வேலை என்று கேட்டால் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "ஊர்ல எல்லாருக்கும் குழி பறிக்கிறா" என்பார். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகள் போடுகிற கூச்சலில் இருந்துவிட்டு வந்தும் வாய் ஓயாது.

எங்கள் வீட்டில் பேச்சு அவருடையது, கேள்வி மகளுடையது. ஏழு வயது. பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் கூப்பிடுவது வாலு என்று. அவளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். ஆஸ்பத்திரியில் இரவலாகக் கொடுத்த காது மிஷின், பேச்சைக் கொடுப்பதைவிட விசில் அடிப்பதில்தான் கெட்டி. மிஷினை நம்பாமல் அவள் எங்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் மற்ற சத்தங்களுக்கு உதடு கிடையாதே. கதவு எப்படிச் சத்தம் போடும், மழை எப்படிப் போடும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பந்து குழியில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கேட்டாள். அவள் உள்ளங்கையை விரித்து, என் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காட்டினேன். அது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. நான் வேலை முடிந்து வந்ததும் கையை நீட்டுவாள். ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்ற முடியும்.

அந்த வாரம் பெரிய ஆட்டம். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கிற அறுபது ஆட்டக்காரர்கள், நாலு நாள். செலவு முழுக்க ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது. கூடவே அவர்கள் ஒரு நல்ல காரியமும் அறிவித்திருந்தார்கள். பதினேழாவது குழியில் யார் மட்டையால் இரண்டே அடி அடித்துப் பந்தை விழவைத்தாலும், குழந்தைகள் ஆஸ்பத்திரியின் காத்திருப்புப் பட்டியலில் ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடி புதுக் காது மிஷின். எத்தனை முறை விழுகிறதோ அத்தனை குழந்தைகள். பட்டியல் மேலிருந்து கீழே போகும். பதினேழுக்கு முன்னால் பெரிய குளம் இருக்கிறது. அத்தனை குழியை விட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தவர் கம்பெனிக்கு ரொம்ப விசுவாசமான ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் குறை சொல்லக்கூடாது. வேறு யாரும் ஒரு மிஷின்கூடத் தருவதாகச் சொல்லவில்லை.

பட்டியலில் வாலு இருபத்துமூன்றாவது. இதை வேலை இடத்தில் நான் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் அந்த வாரம் குழிவெட்டி என் கைக்கு வந்திருக்காது.

முதல் நாள் எட்டு. இரண்டாம் நாள் ஏழு. அன்றைக்கு வீட்டில் ஒரே கும்மாளம், மிஷின் வந்துவிட்ட மாதிரியே வீட்டுக்காரர் மெதுவாகப் பேசிப் பழக ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பாதிப்பேரை வடிகட்டி அனுப்பிவிட்டார்கள், காற்றும் சேர்ந்துகொண்டது. நாலுதான். ஆக பத்தொன்பது. கடைசி நாள் முப்பது பேர் ஆடுவார்கள், அதில் நாலு பேர் இரண்டே அடியில் போட்டாக வேண்டும்.

மறுநாள் குழி எங்கே வரவேண்டும் என்று முந்தின சாயங்காலமே ஆட்ட அதிகாரி வந்து புல்லில் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பதினேழில் முதலில் பள்ளத்தில் வைத்திருக்கிறார். அப்புறம் மனசு மாறி மேட்டில் ஒன்று. பள்ளத்தில் குழி இருந்தால் பந்து தானே உருண்டு அதன் பக்கம் வந்து சேரும், நான் ஆடினால்கூட விழும். மேட்டில் இருந்தால் நல்ல ஆட்டக்காரருக்கே நாக்குத் தள்ளும். எங்கள் மேஸ்திரி அண்ணன் போனில் கூப்பிட்டு, மேட்டுப் புள்ளிதான், பள்ளத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளாதே என்று தெளிவாகச் சொன்னார். நானும் சரிங்கண்ணே என்றேன்.

காலையில் பனி இறங்கிய புல்லில் இரண்டு புள்ளிகளும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தன. பக்கத்தில் ஒருவரும் இல்லை. குழம்பிவிட்டேன் என்று சொன்னால் போதும், ரெண்டு புள்ளி இருந்ததே என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அதிகபட்சம் அண்ணன் நாலு வார்த்தை திட்டுவார். பதினோரு வருடத்தில் ஒரு தப்பு. என் கால் பள்ளத்துக்குப் போனது. ஊன்றினேன். திருகினேன். கூர்மையான விளிம்பு ஒரு விரற்கடை ஆழத்துக்கு நறுக்கென்று இறங்கியது.

அதற்கு மேல் கை அழுத்தவில்லை. நல்ல புத்தி வந்தது என்றெல்லாம் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். மற்ற இருபத்திரண்டு குழந்தைகளும் என் நினைவில் வரவில்லை. சாயங்காலம் போனதும் அவள் கையை நீட்டுவாள், நான் தட்டவேண்டும் என்று மட்டும் தோன்றியது. கருவியை மெல்ல உருவினேன். புல்லில் ஒரு வளையம் நின்றது. முழங்காலிட்டு உள்ளங்கையால் அமுக்கினேன், தண்ணீர் தெளித்தேன், காலால் ஒற்றி ஒற்றி மட்டமாக்கினேன். பிறகு மேட்டுக்குப் போய், என் ஆயுளில் வெட்டியதிலேயே சுத்தமான குழியை வெட்டினேன். ஒரு புல் பிசிறு இல்லை.

அன்றைக்குப் பகல் முழுவதும் கயிற்றுக்கு வெளியே, மைதானத்து மணலைச் சமன்செய்கிற மணல்வாரியை வைத்துக்கொண்டு நின்றேன். அரை மணிக்கொரு தரம் வீட்டுக்காரர் போன் செய்து எத்தனை என்று கேட்டார். பதினொரு மணிக்கு இருபது. மதியத்துக்குள் இருபத்தொன்று. அப்புறம் நீண்ட நேரம் குளத்துக்குத்தான் யோகம், பந்தாக வாங்கி விழுங்கியது. மூன்றரைக்கு இருபத்திரண்டு. கடைசியில் இரண்டே பேர் மிச்சம். முதல் ஆள் அடித்தது நேராகத் தண்ணீருக்குள் போனது. அடுத்து வந்தவர் நெட்டையான ஆள். அவர் பந்து குளத்தைத் தாண்டி, மேட்டில் விழுந்து, நிற்காமல் பின்னால் உருண்டு பள்ளத்தில் போய் நின்றது. குழிக்கும் பந்துக்கும் நடுவில், நேர்கோட்டில், என் வளையம்.

அவர் குனிந்து குனிந்து பாதை பார்த்தார். காலையிலேயே அழுத்தமாக மிதித்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் மண் போட்டிருக்கலாம். தட்டினார். பந்து ஏறி வந்தது. வளையத்தின் மேல் ஒரு சின்னத் துள்ளல், எறும்பு தடுக்கின மாதிரி. அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். மேட்டில் மெதுவாகி, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, விழுந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் அது விழுந்த சத்தம் எனக்கும் கேட்கவில்லை. அந்த நெட்டை மனிதர் கையைத் தூக்கிவிட்டு அடுத்த குழிக்குப் போனார். யாருடைய காதைத் திறந்துவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. நான் மணல்வாரியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சந்தோஷமாகத்தான் அழுதேன். அந்தத் துள்ளல் மட்டும் உள்ளே உறுத்தியது.

சாயங்காலம் கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலையை மேடையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா அதன் பின்னால் பாதி மறைந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்த ஐந்தாம் நாள் வளையம் பழுப்பேறி வெளியே வந்துவிட்டது. வெட்டுப்பட்ட வேர் எத்தனை நாள் தாங்கும்? மேஸ்திரி அண்ணன் அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். மழுப்பலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இருபத்துமூன்றாம் எண், இரவல் மிஷின், இரண்டு புள்ளி என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். அவர் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்து இது மேலதான் போச்சா?"

"ஆமாண்ணே. துள்ளுச்சு."

"துள்ளுனதாலதான் விழுந்துச்சா?"

"தெரியலண்ணே. அதுதான் தூக்கம் வரல."

அவர் உட்கார்ந்து கட்டைவிரலால் வளையத்தைச் சுற்றித் தடவினார். "துள்ளுனா பத்துல ஒம்பது வெலகித்தான் போகும். ஆனா உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லல, எனக்கும் தெரியாது." பிறகு, "பள்ளத்துப் புள்ளிய நான் அழிச்சுட்டுப் போயிருக்கணும்," என்றார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "என்கிட்ட ஏன்மா சொல்லல? கொழந்தைக்கு மிஷின் வந்ததும் கூட்டிட்டு வா. அன்னைக்கு இந்த வளையத்துலயே குழியை வெட்டு. தழும்பும் போயிடும்." அதுவரைக்கும் யாரையும் அந்தப் பக்கம் வெட்ட விடவில்லை.

மூன்றாவது வாரம் மிஷின் வந்தது, இரண்டு காதுக்கும். முதல் நாள் வாலு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பிளாஸ்டிக் பையைத் தொட்டால் முறைத்தாள். தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்த்தாள். அப்பா இவ்வளவு பேசுவார் என்று தனக்குத் தெரியாது என்றாள். அவர் அன்றைக்கு ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் பதினேழுக்குக் கூட்டிப்போனேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குழிவெட்டியின் விளிம்பைப் பழுப்பு வளையத்தில் அச்சாகப் பொருத்தினேன். இந்த முறை கடைசிவரை திருகினேன். தழும்பைச் சுமந்துகொண்டு மண் உருளை மேலே வந்தது. அதைப் பழைய குழியில் இறக்கி மட்டம் பார்த்துவிட்டு, டப்பாவைப் புதுக் குழிக்குள் வைத்து அழுத்தி, பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். குழியின் ஓரத்தில் குந்திப் பந்தை விட்டாள்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். நான் வழக்கம்போல முட்டியால் தட்டப் போனேன்.

"நீ இல்ல. உன் கையைக் காட்டு."

என் உள்ளங்கையை விரித்து, அவள் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். நான் சிரித்துக்கொண்டே கையை இழுக்கப் போனேன். விடவில்லை. தட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ரொம்ப லேசாக, இன்னொன்று.

"ரெண்டும்மா," என்றாள். "நீ ஒண்ணுதான் சொன்ன. பின்னாடியே சின்னதா இன்னொண்ணு வருது."

பதினோரு வருடம் கேட்ட சத்தம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் அதற்குள் குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்துவிட்டாள். என் தலையைப் பிடித்துப் புல்லோடு புல்லாகச் சாய்த்து, காதைக் குழியோரமாக வைத்துவிட்டு, பந்தைத் தூக்கிப் பிடித்தாள்.