றமீஸாவுக்கு ஒரு கோப்பி மெஷின்

மஹ்மூத் தன் மனைவி றமீஸாவுக்கு விடியக் கோப்பி ஊற்றத் தொடங்கியது மகள் ஸுமைரா பிறந்த நாற்பது நாளுக்குள். பிள்ளை பெற்றவள் எழும்பவே கூடாது என்று மாமியார் சட்டம் போட்டுவிட்டு நன்றாகக் குறட்டை விட்டார். பாவம், பகலெல்லாம் கடையில் நிற்கிற மனிதர்தான் சுபஹுத் தொழுகைக்கு முன்னால் எழும்பி அடுப்பை மூட்டினார். நாற்பது முடிந்தது. மகளுக்குப் பல் முளைத்தது, இஸ்கூல் போனாள், கலியாணம் முடித்துப் போனாள். கோப்பி மட்டும் நிற்கவில்லை. சண்டை பிடித்த இரவுக்கு அடுத்த விடியலிலும் வந்தது. அன்றைக்குக் கோப்பையை ‘டக்’கென்று வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார், அவ்வளவுதான் வித்தியாசம். மடவளை ஊர்ப் பெண்கள் இதைக் கேட்டு வாயில் கை வைத்தார்கள். “என்ன செய்ற, வாணாம் என்டு சென்னா கேட்டாத்தானே” என்று றமீஸா சலித்துக்கொள்வாள். எல்லாம் நடிப்பு. உள்ளுக்குள் பெருமை தாங்காது அவளுக்கு.

இப்போது மஹ்மூதுக்கு மறதி நோய். கூடுமே தவிரக் குறையாது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். கட்டுகஸ்தோட்டையில் காலமெல்லாம் செருப்புக் கடை நடத்தியவர், அதே தெருவில் வழி தெரியாமல் நின்றார். மருமகனுடைய பெயர் போனது. ஒரு நாள் ஸுமைராவைத் “தாத்தா” என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா. மவுத்தாகி மண்ணுக்குப் போன தன் அக்கா என்று நினைத்துவிட்டார் மனிதர். ஸுமைரா குசினிக்குள் போய் விம்மி விம்மி அழுதாள்.

றமீஸா அழவில்லை. அவள் மனதில் ஒரு நம்பிக்கை இருந்தது. யாருடைய பெயர் போனாலும், விடிந்தால் தன் கட்டிலுக்குக் கோப்பி வருகிறது. கோப்பி வருகிற வரைக்கும் அந்த மனிதருக்குத் தன்னைத் தெரியும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டினாள்.

பிறகுதான் அந்தக் கேஸ் அடுப்பு விவகாரம். ஒரு விடியலில் அடுப்பைத் திறந்துவிட்டவர் பற்றவைக்க மறந்துவிட்டார். நாற்றத்தில் றமீஸா விழித்துக்கொண்டதால் வீடு தப்பியது. செய்தி கேட்டு ஓடி வந்த ஸுமைரா, சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை உம்மா கையில் கொடுத்தாள்.

“இனி வாப்பா குசினிப் பக்கமே போக வாணாம். கோப்பிய நீங்களே ஊத்திக் குடிங்கொ உம்மா. அதென்ன பெரிய வேலயா?”

பெரிய வேலையா என்று கேட்டுவிட்டாள்!

மறுநாள் விடியலிலும் மஹ்மூத் எழும்பினார். அடுப்பைத் திருகித் திருகிப் பார்க்கிற சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டது. வெகுநேரம் கழித்துக் கோப்பையோடு வந்தார். உள்ளே பைப் தண்ணீர். கோப்பித்தூள் கரையாமல் மேலே மிதந்தது.

“சூடு காணுமா?” என்று கேட்டார்.

“அளவா ஈக்கி,” என்று, சூடு இருக்கிற மாதிரியே சொல்லிக் கடைசி மிடறு வரை குடித்தாள் றமீஸா. தூள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மின்சாரத்தில் ஓடுகிற கோப்பி மெஷின் ஒன்று வாங்கியே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே இருவரும் கண்டிக்கு பஸ் ஏறினார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருந்த கடையில் மெஷின்களுக்குப் பொறுப்பாக நின்றவர் கணேஸ். மஹய்யாவப் பக்கத்து ஆள், நரைத்த மீசை, வாய் ஓயாது.

“வாங்கம்மா, வாங்கய்யா, உக்காருங்க. மெஷின பாக்க முந்தி வீட்டப் பத்தி சொல்லுங்க. எத்தன பேரு குடிக்கிறீங்க, எந்நேரம் குடிக்கிறீங்க, யாரு போடுறது? அது தெரியாம வாங்கிட்டுப் போனா ரெண்டே மாசத்துல அலுமாரி மேல ஏத்தி வச்சிருவீங்க.”

முதலில் ஒரு மினுங்குகிற சாமானைக் காட்டினார். மருந்துக் குளிசை மாதிரி ஒரு குப்பியை உள்ளே போட்டால் கோப்பி வருமாம்.

“எங்கட தூள போட ஏலுமா?”

“அது முடியாதும்மா. அந்தக் குப்பியத்தான் வாங்கணும்.”

“அப்ப வாணாம்.”

அடுத்ததை ஓட விட்டுக் காட்டினார். அது ‘புஸ்’ஸென்று ஆவி கக்கியதும் மஹ்மூத் திடுக்கிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். றமீஸா கணேஸைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அதுவும் போனது.

“அப்பன்னா இதுதாம்மா உங்களுக்குன்னே செஞ்சது,” என்று கணேஸ் மூன்றாவதை முன்னால் இழுத்தார். “ராத்திரி தண்ணியும் தூளும் போட்டு, மணிய வச்சிட்டுப் படுங்க. எழும்பையில கோப்பி தயாரா இருக்கும். ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்ல.”

“அதுதான் வாணாம்!” என்றாள் றமீஸா. குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் விசிறி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “கை வெக்கோணும். இவர்தான் ஊத்தோணும். ஒரே ஒரு சுவிட்ச் ஈக்கோணும். அமத்தினா லைட் பத்தோணும். மறந்து போனாலும் தானா நிக்கோணும்.”

கணேஸ் அவளைப் பார்த்தார், மஹ்மூதைப் பார்த்தார். உள்ளே போய், யாரும் வாங்காமல் மூலையில் கிடந்த ஒரு சின்ன மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து தூசி தட்டினார். விழுந்தால் உடையாத ஸ்டீல் சாடி, சிவப்பு லைட், ஒரே சுவிட்ச்.

“கோப்பி எறங்கி முடிஞ்சா கொஞ்ச நேரத்துல தானாவே நின்னுரும். ஆனா மாவு மாதிரி தூள் போட்டா அடைச்சிக்கும்மா, கொரகொரன்னு அரைச்சு வாங்குங்க. ஐயா, நீங்களே ஒருக்கா அமத்திப் பாருங்க.”

மஹ்மூத் அமத்தினார். லைட் பற்றியது. “இவ்வளவு தானா?” என்று முகம் மலர்ந்தார்.

“இவ்வளவுதான். கோப்பி யாருக்குங்கய்யா?”

“எங்கட பொஞ்சாதிக்கு. கண்ண முழிச்ச ஒடனே கோப்பி வேணும் அவளுக்கு. சீனி ஒன்டர கரண்டி.”

“அம்மா குடுத்து வச்சவங்க,” என்று கணேஸ் சிரித்தார்.

மஹ்மூத் திரும்பி றமீஸாவை மரியாதையோடு பார்த்தார். “இவங்களுக்கும் கோப்பியில நல்ல விருப்பம் போல,” என்றார்.

கணேஸ் விழுந்து விழுந்து சிரித்தார். றமீஸாவும் சிரித்து, கணவனை முழங்கையால் இடித்தாள். மஹ்மூதின் பகிடி ஊருக்கே தெரிந்தது. பகிடி விடும்போது அவருடைய இடது கண் ஓரம் சுருங்கும். கலியாண வீடுகளில் அதைக் கண்டதுமே சனம் சிரிக்க ஆயத்தமாகிவிடும். பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம். மெஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கொடுக்காமல் வந்தாள்.

மெஷினைக் குறை சொல்லக்கூடாது, சொன்னபடி வேலை செய்தது. இரவில் றமீஸா தண்ணீரும் தூளும் போட்டு வைப்பாள். விடியலில் அவர் எழும்பிச் சுவிட்சை அமத்துவார், காத்து நிற்பார், ஊற்றுவார், சீனி கலக்குவார், கொண்டு வருவார். அவள் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரிக் கிடப்பாள். “எழும்புங்கொ, கோப்பி” என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார். நல்ல சூடு. “நீங்க வென்டுட்டீங்க உம்மா,” என்று ஸுமைராவே ஒத்துக்கொண்டாள்.

அப்படியே போயிருக்கலாம். ஒரு நாள் றமீஸாவுக்கு நேரத்தோடு விழிப்பு வந்துவிட்டது. எழும்பி, தொழுகைக்குக் கை கால் கழுவி உளு எடுத்துக்கொண்டு திரும்பியவள், அறை வாசலில் மஹ்மூதைக் கண்டாள். கையில் கோப்பை, ஆவி பறந்தது. அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

மஹ்மூத் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கொற நெனக்காதீங்கொ தாத்தா. இது எங்கட றமீஸாக்கு. ஒங்களுக்கு பொறகு ஊத்தித் தாறேன்.”

அவள் அவருடைய இடது கண்ணைப் பார்த்தாள். சுருங்கவில்லை. லைட்டைப் போட்டு இன்னொரு முறை பார்த்தாள். வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற முகம் அது. கடையில் அவள் இந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சிரித்துவிட்டாள்.

யா அல்லாஹ்! அப்படியென்றால் கண்ணை மூடிக் கிடந்த விடியல்களில் அவர் யாருக்குக் கோப்பி கொண்டு வந்தார்? போர்வைக்குள் கிடந்ததால் றமீஸா. எழும்பி நின்றால் யாரோ.

மஹ்மூத் அவளைத் தாண்டி அறைக்குள் போனார். கட்டில் வெறுமையாக இருந்தது. கோப்பையை அதன் இடத்தில் வைத்து, ஆறாமல் இருக்கச் சின்னப் பீங்கான் தட்டால் மூடினார்.

“எங்க போயிட்டா? நீங்க கண்டீங்களா?”

நான்தான் றமீஸா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லி, அந்த முகம் இல்லை என்று தலையாட்டிவிட்டால்? அதைத் தாங்க அவளால் ஏலாது.

“வருவா,” என்றாள். “இரிங்கொ.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் எதிரே கதிரையில் உட்கார்ந்தாள். குசினியில் மெஷின் தானாகவே நின்றது.

“ஆறின கோப்பி அவளுக்கு ஏலா, தாத்தா,” என்றார் மஹ்மூத். “ஆனா செல்லமாட்டா. பச்சத் தண்ணியில ஊத்திக் குடுத்தாலும், நான் பாவம் என்டு குடிச்சிருவா.”

றமீஸா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மஹ்மூத் மூடியைத் தொட்டுச் சூடு பார்த்தார். வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு கவலையோடு அவள் பக்கம் திரும்பினார்.

“எனக்குத்தான் இப்ப எல்லாம் மறந்து மறந்து போகுது. நானும் இல்லாட்டி, அவளுக்கு ஆரு ஈக்கி?”

“ஒத்தரும் இல்ல,” என்றாள் றமீஸா.