லியாண்டரின் வலது கால்

இடது காலைக் கழுவித் துடைத்துவிட்டு வலது காலைத் தூக்கி மடியில் வைத்தபோதுதான், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது கீசியாவுக்கு உறைத்தது.

அவள் புருஷன் ஜெத்ரோ மேசையின் மேல் கிடந்தான். மேசை நீளம் போதவில்லை, முழங்காலுக்குக் கீழே கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குத் திணறி, விடிவதற்கு முன்னால் திணறுவதையும் விட்டுவிட்டான். கண்கள் மேல் இரண்டு பென்னிக் காசுகள். தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் ஒரு துணிக்கட்டு. அவனுடைய அக்கா டார்கஸ் நெஞ்சின் மேல் ஒரு தட்டில் உப்பு வைத்து, சுவரில் இருந்த கண்ணாடியைத் துணியால் மூடி, கடிகாரத்தையும் நிறுத்தியிருந்தாள்.

வலது காலில் இரண்டாவது விரல் பெருவிரல் மேல் ஏறிக் கிடந்தது. பன்னிரண்டு வயதில் கப்பல்துறையில் நிலக்கரிக் கூடை விழுந்து நசுங்கிய விரல். அதன் மடிப்பில் கரித்தூள் எப்போதும் இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, மணல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இன்றும் போகவில்லை. அவள் துணியின் முனையை நனைத்து இன்னொரு தரம் துடைத்தாள்.

"அக்கா, நான் செல்சி வரைக்கும் போயிட்டு வரணும்."

டார்கஸ் குழந்தைக்குப் பாலில் ரொட்டி ஊறவைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் அப்படியே நின்றது.

"என்ன சொல்ற?"

"அவரை வச்சு வரைஞ்ச அந்தப் படத்தை இன்னிக்கு மத்தியானம் வண்டியில ஏத்திருவாங்களாம். மான்செஸ்டருக்குப் போகுது. செவ்வாய்க்கிழமை அவரே சொன்னாரு."

"புருஷன மேசையில போட்டுட்டு பொண்டாட்டி படம் பாக்கப் போறாளா? அடக்கம் முடியாம விதவை வாசல் தாண்டுவாளாடி? தெருவுல என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். அவரு மொகம் வேற எங்கயும் இல்லக்கா."

அது உண்மைதான். இவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். போட்டோ எடுக்க வேண்டும் என்று, போட்டோக்காரன் வரும் ஒவ்வொரு சந்தைக்கும் பேச்சு எழும். ஒவ்வொரு சந்தையிலும் அவன் நழுவிவிடுவான். 'கண்ணைத் திறந்துக்கிட்டு ஆடாம அசையாம இருக்க எனக்கு வராதுடி. மூடிக்கிட்டுன்னா நாள் பூரா இருப்பேன்' என்பான்.

மூடிக்கொண்டு இருப்பதில் அவன் கெட்டிக்காரன். போன இலையுதிர் காலத்தில் துறையில் ஆள் பார்க்க வந்த ஓவியர் ஆல்ட்விக், பதினைந்து பேரை நிறுத்திவைத்துத் தோளைத் தட்டிப் பார்த்து இவனைத்தான் பொறுக்கினார். அன்றிலிருந்து கப்பல் வராத நாளெல்லாம் செல்சியில் அவருடைய ஓவியக் கூடத்துக்குப் போனான். வேலை என்னவென்றால், ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மணல் கொட்டிய பலகையில் செத்துக் கிடப்பது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் "இன்னிக்கும் நல்லா செத்துட்டு வந்தேன்டி" என்பான். ஒவ்வொரு நாளும் இதே வார்த்தை. அவளும் ஒவ்வொரு நாளும் சிரித்தாள்.

படத்தின் கதையையும் அவன்தான் சொன்னான், பழைய கிரேக்கக் கதை. லியாண்டர் என்று ஒருத்தன். கடலுக்கு அக்கரையில் ஹீரோ என்ற பெண். அவள் கோபுரத்தில் விளக்கு வைப்பாள். இவன் அதைப் பார்த்து நீந்திப் போவான். ஒரு நாள் காற்று விளக்கை அணைத்துவிட்டது. காலையில் அவன் உடம்பு அவள் வாசலில் ஒதுங்கியது.

"ஏன், ஒரு படகு கிடைக்கலையா அவனுக்கு?" என்று கேட்டாள் கீசியா. ஆற்றங்கரையில் பிறந்தவள்.

"அதையேதான் நானும் கேட்டேன். ஆல்ட்விக் ஐயாவுக்குக் கோபம் வந்துருச்சு." ஜெத்ரோவுக்கு நீச்சலே தெரியாது. "ஆனா படத்துல மூஞ்சி அச்சு அசலா என் மூஞ்சிடி. உடைஞ்ச மூக்கக்கூட விடல. நம்ம லெட்டி பெரியவளானா மான்செஸ்டருக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

டார்கஸ் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "மொகம் வேணும்னா இங்கதான் இருக்கு. போட்டோக்காரன வரச் சொல்லு."

"செத்த மொகம் எதுக்குக்கா?"

"படத்துலயும் செத்துத்தானே கிடக்கான்."

"அது நடிப்பு."

டார்கஸ் ஸ்பூனைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்த் தன் கறுப்புச் சால்வையை எடுத்துவந்து கீசியாவின் தோளில் போட்டாள். "பின்வாசல் வழியா போ. மூணு மணிக்குள்ள வந்துரு. பெட்டிக்கு அளவெடுக்க ஆள் வருவான்."

நீராவிப் படகில் கீசியா யாரையும் பார்க்காமல் தளத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மார்ச் மாதக் காற்று முகத்தில் அடித்தது. அழுகை வரவில்லை. முகம் கிடைத்துவிட்டால் பிறகு அழுதுகொள்ளலாம் என்று இருந்தது. பெரிய படம் தரமாட்டார்கள், அது தெரியும். கையளவு காகிதத்தில் அதைப் பார்த்து ஒன்று வரைந்து தந்தால் போதும். ஒன்பது மாதக் குழந்தைக்கு அப்பன் முகம் நினைவிருக்காது. தனக்கே பத்து வருஷத்தில் மங்கிவிடும் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆல்ட்விக்கின் கூடத்தில் கதவு திறந்தே கிடந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, மூடி தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. ஓவியர் ஏணிப்படியில் உட்கார்ந்து வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். தாடியில் நீலம் ஒட்டியிருந்தது.

"ஜெத்ரோ வீட்டுக்காரிங்க, ஐயா."

"வாம்மா. எங்க அவன்? புதன்கிழமை வரேன்னான், ஆளையே காணோம். அவன் காலைக் கொஞ்சம் பாக்கணும்னு சொல்லியிருந்தேனே."

"காலைல இறந்துட்டாருங்க."

அவர் வண்ணத் தட்டைக் கீழே வைத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் தலையில் இல்லாத தொப்பியைத் தேடுகிறவர் போலக் கையைத் தூக்கினார். "கடவுளே. நல்ல மனுஷன். அவனை மாதிரி ஆடாம கிடக்க யாராலயும் முடியாது." சொன்ன பிறகு சொன்னதை நினைத்து முகம் சிவந்துபோனார்.

"படத்த ஒரு தடவை பாத்துக்கறேங்க."

அவர் விலகி நின்றார்.

சுவரை அடைத்துக்கொண்டிருந்தது படம். விடியல் நேரத்துக் கடல். அணைந்த விளக்கு ஒன்று. வெள்ளை உடையில் ஒரு பெண் மண்டியிட்டு அவன் தலையை மடியில் தாங்கியிருந்தாள். கீசியா அந்தத் தலையைப் பார்த்தாள். சுருட்டை முடி, பெண்பிள்ளை உதடு, கத்தியால் கீறியது போல நேரான மூக்கு. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி வந்து பார்த்தாள்.

"இது அவரு இல்லீங்களே."

"உடம்பு அவன்தான்மா. தோள், கை, காலு, எல்லாம் அவன். தலை மட்டும் என் தங்கை வீட்டுக்காரரோடது." அவர் தயங்கினார். "ஓவியத்துல அப்படித்தான் செய்வோம். உடம்புக்கு ஒருத்தர், முகத்துக்கு ஒருத்தர். ஜெத்ரோவுக்குத் தெரியுமே. ஆரம்பத்துலயே காட்டினேன். மூக்கப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க ஐயா, எம் மூஞ்சிதான்னு சொல்லி வச்சிருக்கேன்னான்."

 ஆறு மாதம் வாசலில் நின்று, உடைந்த மூக்கைக்கூட விடவில்லை என்று அளந்த வாயைக் கீசியா நினைத்துக்கொண்டாள். படுபாவி என்று திட்டத் தோன்றியது. திட்ட ஆள் இல்லை. 

"வேற எங்கயாவது அவரு மொகத்த வரைஞ்சிருக்கீங்களா? சும்மா கிறுக்கினதுகூடப் போதும்."

அவர் அவசரமாக ஒரு பெரிய அட்டைக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினார். கைகள், முதுகு, மடங்கிய முழங்கால், தோள்பட்டை. எல்லாம் ஜெத்ரோதான், எல்லாம் கழுத்தோடு நின்றன. முப்பது காகிதம் புரட்டிய பிறகு ஒரு பென்சிலை எடுத்தார். "இரு, ஞாபகத்துல இருந்து போட்டுத் தரேன்." வேகமாகக் கோடுகள் விழுந்தன. நெற்றி, தாடை, உடைந்த மூக்கும்கூட. நல்ல படம்தான். யாரோ ஒரு துறைமுகத்து ஆள்.

"வேணாங்க," என்றாள். "இவர எனக்குத் தெரியாது."

அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். வெளியே எங்கோ சர்ச் மணி பதினொன்றரை அடித்தது. "தப்பா நினைக்காதம்மா, வண்டி வந்துரும்" என்று முணுமுணுத்தபடி தட்டை எடுத்துக்கொண்டு படத்தின் கீழ்மூலையில் குனிந்தார். தூரிகை நுனியில் தோல் நிறம் இருந்தது. அது எங்கே போகிறது என்று கீசியா பார்த்தாள்.

ஈர மணலில் நீட்டிக் கிடந்தது வலது கால். பெருவிரல் மேல் இரண்டாவது விரல் ஏறியிருந்தது. மடிப்பில் மெல்லிய கறுப்புக் கோடு. அவள் காலையில் துடைத்த அதே கோடு.

"என்ன பண்றீங்க?"

"படத்தை வாங்கறவர் வந்து பாத்துட்டுப் போய்க் கடுதாசி போட்டிருக்கார். எல்லாம் பிரமாதம், அந்த விரல் மட்டும் கண்ணை உறுத்துதுன்னு. கிரேக்க வீரனுக்கு மூட்டை தூக்கறவன் காலான்னு கேக்கறார். அதை நேராக்கத்தான் புதன்கிழமை அவனை வரச் சொன்னேன்."

"ஐயா."

அவள் குரலில் சத்தம் இல்லை. ஆனாலும் தூரிகை நின்றது.

"மொகத்த எடுத்துட்டீங்க. அது அவருக்கும் சம்மதம், சரி. இது அவரு காலு. காலைல நான்தான் கழுவினேன், இந்தக் கையால. இன்னும் அந்த அழுக்கு போகல. அத நீங்க இப்படி உத்துப் பாத்து வரைஞ்சிருக்கீங்களே. எம் பொண்ணுக்குக் காட்ட ஒலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு. விட்டுருங்க."

ஆல்ட்விக் காலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கைகள் சோப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்து வெளுத்திருந்தன. கீழே தெருவில் குதிரைவண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"இப்பத் தொட்டா ஈரம் காயாது," என்றார் அவர், தூரிகையைத் துணியில் துடைத்தபடி. யாரிடமோ சாக்குச் சொல்கிற குரல். "ஈரத்தோட பெட்டியில போட்டா படமே கெட்டுப்போகும். அப்படின்னு எழுதிடறேன். ரயிலேறி வந்து திருத்தித் தாங்கன்னா, அப்ப பாத்துக்கலாம்."

"எழுதுவீங்களா?"

"எழுதறேன்மா."

இரண்டு ஆட்கள் வந்து படத்தைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். சுற்றிலும் வைக்கோல் அடைத்தார்கள். மூடியைத் தூக்கி வைத்து ஆணி அடிக்கும்வரை கீசியா நின்றாள். ஓவியர் கால் வரைந்த காகிதம் ஒன்றை உருட்டி நூல் கட்டி அவள் கையில் கொடுத்தார். அவள் அதைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று மணிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டாள்.

"மொகம் கிடைச்சுதா?" என்று கேட்டாள் டார்கஸ்.

"நல்லா இருக்கு. மூக்கக்கூட விடல," என்றாள் கீசியா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடக்கம். துறை ஆட்கள் சர்ச்சுக்குப் போடும் நல்ல சட்டையில் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றை அறையில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பெட்டிக்குள் அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தொட்டால் செத்தவர் கனவில் வந்து தொந்தரவு செய்யமாட்டார் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. கீசியா மட்டும் தொடவில்லை. கால்மாட்டில் நின்றபடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. மூக்கு நடுவில் வலப்பக்கம் திரும்பி, நுனியில் மறுபடி நேராகிறது. மேலுதட்டில் இடப்பக்கம் மீசை கொஞ்சம் அடர்த்தி. பாடம் படிக்கிறவள் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பெட்டிக்காரன் கையில் திருப்புளியோடு வந்து நின்றான். "மூடிடலாமாம்மா?"

"இருங்க. அக்கா, லெட்டிய கொடு."

"சின்னப் புள்ளைக்கு எதுக்குடி?"

"கொடுக்கா."

கீசியா குழந்தையை வாங்கிப் பெட்டிக்கு மேல் தாழ்த்திப் பிடித்தாள். லெட்டி அப்பனைப் பார்த்ததும் காலை உதைத்தது. தினமும் சாயங்காலம் அவன் குனிந்து முகத்தை நீட்டுவான். அது உடைந்த மூக்கைப் பிடித்து இழுக்கும், அவன் வலிப்பது போலக் கத்துவான். இன்றும் கையை நீட்டி மூக்கைப் பிடித்தது. பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தது. அவன் கத்துவான் என்று காத்திருந்தது.

பிறகு விட்டுவிட்டது. தன் விரல்களை விரித்துப் பார்த்தது. அம்மாவின் பக்கம் திரும்பி, சில்லென்றிருந்த அந்தக் கையை அவள் கழுத்துக்கும் சால்வைக்கும் நடுவே, சூடு இருக்கும் இடத்தில் செருகிக்கொண்டது.

கீசியா அசையவில்லை. பெட்டிக்காரன் மூடியைத் தூக்கினான்.