பல்பைக் கும்பிட்டவள்

கோயம்புத்தூர் காலேஜில் எலக்ட்ரிகல் இரண்டாம் வருஷம். லேபில் ஜெனரேட்டருக்கு லோடு ஏற்றச் சொன்னார்கள். சுவிட்சைப் போட்டேன். வரிசையாகப் பல்புகள் எரிந்தன. நான் கை கூப்பிக் கும்பிட்டுவிட்டேன்.

லேபே சிரித்தது. "சின்னம்மை, இது கோயில் இல்லம்மா. மீட்டரைப் பாரு" என்றார் வாத்தியார்.

சிரித்தவன்களை அறையலாம் போலிருந்தது. சிலோனிலும் சரி, கப்பலேறி வந்த பிறகு கோத்தகிரி எஸ்டேட்டிலும் சரி, எங்கள் லயத்து வரிசை வீட்டில் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்புதான். பொழுது சாய்ந்து அம்மா அதை ஏற்றினதும் எல்லாரும் கும்பிடுவோம். கை தானாகப் போய்விட்டது. இனிமேல் போகாது என்று முடிவுகட்டினேன்.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனபோது லயத்துக்குக் கரண்ட் வந்திருந்தது. நான் வந்துதான் போடணுமென்று அம்மா ஒரு வாரமாக யாரையும் சுவிட்சைத் தொட விடவில்லையாம். போட்டேன். பல்பு பீடி நெருப்பு மாதிரி சிவந்து நின்றது.

"லைன் கோடியில வீடு. வோல்டேஜ் எப்படி வரும்? கம்பி இழுத்தவனுக்கு அறிவு வேணாமா?" என்று கத்தினேன்.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "வந்த வெளிச்சத்த மொதல்ல கும்புடு புள்ள. ஏசுறதப் பொறவு ஏசலாம்."

கும்பிட்டேன். அவள் சிரிப்பது தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருக்கத்தான் செய்தது.

லீவு முடிந்து மறுபடி லேப். சுவிட்சைப் போட்டேன். மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அப்புறம் கும்பிட்டேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.